ஒரே கடைத்தெரு: தோட்டப்புற ஊரில் அகதிகளோடு சேர்ந்து சிறுதொழில் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவின் தென் கெடாவில், சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா, அதாவது ரப்பர் மரம். இப்போது செம்பனை, அதற்கு நடுநடுவே தாமான் எனும் குடியிருப்புகள். கடைத்தெருவில் வெற்றிலை பாக்கு விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய அம்மாவும் அதே இடத்தில்தான் விற்றார். தோட்டத்துப் பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, வாங்க ஆளில்லாமல் கடையை எடுத்துவிடலாம் என்று அக்கா நினைத்திருந்த நேரத்தில்தான் மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யா அகதிக் குடும்பங்கள் இங்கே குடிவந்தன. அவர்களும் வாய் சிவக்க வெற்றிலை போடுகிறவர்கள். இன்று அக்காவின் கடை நிற்பதே பெரும்பாலும் அவர்களால்தான்.

எந்தத் திட்டமும் இதைச் செய்யவில்லை, கடைத்தெரு தானாகச் செய்தது. அகதிகளுக்குத் தொழில் உதவி, உள்ளூர் மக்களுக்குத் தொழில் உதவி என்று நாம்தான் காகிதத்தில் பிரித்து எழுதுகிறோம். வாங்குவதும் விற்பதும் ஒரே தெருவில். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டால் மறுபக்கம் முகம் திருப்பிக்கொள்ளும், பிறகு இரண்டும் கெடும். இந்த ஊரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டே, சில நண்பர்களோடு இந்த வேலையில் இறங்கிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கோவில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டைவீட்டார் குழு, மாதர் குழு என்று ஊரில் ஏற்கெனவே கூடுகிற பத்துப் பேர் இருந்தால் போதும், தொடங்கலாம்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக்கொண்டு போய்ப் பயிற்சி, தையல் மெஷின் என்று ஆரம்பிக்காதீர்கள். நல்ல மனதோடு செய்கிற வேலை மற்றவர் தலையில் விடிந்துவிடும்.

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் சேரவில்லை, 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் சேரவில்லை. அகதி என்ற தனி நிலை நம் சட்டத்தில் இல்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் அனுமதிச்சீட்டு இல்லாதவர் எல்லோரும் ஒன்றுதான். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அதனிடம் பதிவு பெற்றவர்கள் 180,000க்கும் மேல். மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யாக்களும் சின் மக்களும் பிற இனத்தவரும்தான் இவர்களில் மிகப் பெரும்பாலோர். இலங்கைத் தமிழர், பாகிஸ்தானியர், ஆப்கானியர், சோமாலியரும் உண்டு. எல்லோரும் சொல்கிற 'யூ.என். கார்டு' என்பது அந்த ஆணையம் தருகிற அட்டை. அதைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழியும். ஆனால் அது வேலை அனுமதி அல்ல, வியாபார உரிமமும் அல்ல.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செல்லுபடியான அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒவ்வோர் ஆளுக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு சின்ன நாசி லெமாக் கடைக்கு இது உயிர்போகிற தொகை. 2017இல் 300 ரொஹிங்யாக்களைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலைக்கு அமர்த்தும் ஒரு மாதிரித் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. அது வேரூன்றவில்லை. நம்மைச் சுற்றியுள்ள செம்பனைக் காட்டில் ஆள் கிடைக்காமல் குலைகள் அழுகுவதைப் பார்க்கும்போது அந்தத் திட்டம் தழைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் ஆதங்கத்தை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தாண்ட முடியாது.

வியாபாரப் பதிவும் அப்படித்தான். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் தனியாள் வியாபாரத்தையோ பங்காளி வியாபாரத்தையோ பதிய, குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிரந்தரவாசி என்றால் சிவப்பு அடையாள அட்டை. நம் தோட்டத்து மக்களில் இன்னமும் சிவப்பு அட்டையோடு வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள், 'நமக்கு எதுவும் கிடைக்காது' என்று ஒதுங்கியே பழகிவிட்டார்கள். அவர்கள் வியாபாரம் பதியலாம். எங்கள் ஊரில் அறுபத்து மூன்று வயதில் ஒரு பாட்டி தன் பெயரில் முதல் முறையாகப் பதிவுத் தாளைக் கையில் வாங்கியபோது அதை மடிக்கவே மனமில்லாமல் வீடுவரை விரித்தபடி எடுத்துப் போனார்.

பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

இதற்கென்று ஒரு தனிப் பகுதி வேண்டும். அவ்வளவு பேர் இதில் விழுகிறார்கள்.

உள்ளூர்க்காரர் லைசன்ஸ் எடுப்பார், அகதி கடையை நடத்துவார், மாதம் முந்நூறோ நானூறோ கைமாறும். இருவருக்கும் லாபம் போலத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஓர் அண்ணன் இப்படித் தன் ஒட்டுக்கடை லைசன்ஸைக் கொடுத்தார். எட்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. ஒருநாள் சோதனைக்கு வந்தார்கள். தள்ளுவண்டி போனது, லைசன்ஸ் போனது, வண்டியில் இருந்தவர் தடுப்பு முகாமுக்குப் போனார். அண்ணனுடைய அப்பா காலத்திலிருந்து இருந்த இடம் அது. இத்தனைக்கும் இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கு முட்டிவலி, நின்று வியாபாரம் செய்ய முடியவில்லை. மற்றவருக்கு மூன்று பிள்ளைகள்.

கடன் விஷயத்திலும் இதே கதைதான். தெக்குன், இக்தியார் போன்ற சிறுகடன் அமைப்புகளில் உங்கள் பெயரில் கடன் எடுத்து அகதி நண்பரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஒரு நாள் வேறு நாட்டுக்கு மறுகுடியமர்த்தப்படலாம், பிடிபடலாம், தவணை உங்கள் தலையில் நிற்கும். நட்பும் அதோடு முடிந்துபோகும்.

அப்படியானால் அகதிகளோடு சேர்ந்து என்னதான் செய்ய முடியும்? நிறைய முடியும். அவர்களுக்குத் தொழில் அறிவையும் கணக்கையும் மொழியையும் கற்றுக்கொடுக்கலாம். தங்கள் குடும்பத்துக்குத் தேவையானதைத் தாங்களே தைத்தும் பயிரிட்டும் பழுதுபார்த்தும் செலவைக் குறைத்துக்கொள்ளத் துணை நிற்கலாம். ஏற்கெனவே சட்ட ஆலோசனையோடு நடக்கிற சமூகத் தொழில்முனைவுகளோடு அவர்களை இணைத்துவிடலாம். கோலாலம்பூரில் 2016இல் தொடங்கிய பிச்சா ஈட்ஸ், அகதிக் குடும்பங்கள் சமைக்கும் உணவை விருந்துகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. சசிபாய் கிமிஸ் நிறுவிய எர்த் ஏர், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மேட்51 என்ற கைவினைத் திட்டத்தில் மலேசியப் பங்காளியாக அகதிப் பெண்களின் கைவேலையைச் சந்தைக்கு எடுத்துப் போயிருக்கிறது. இவற்றைப் போல நீங்களே தனியாக நடத்த விரும்பினால், முதல் ரிங்கிட் கைமாறும் முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அகதிகளை வாடிக்கையாளர்களாக மதித்து உள்ளூர் வியாபாரம் வளர்வதற்கு எந்த வழக்கறிஞரும் தேவையில்லை. வெற்றிலை அக்காவுக்கு அதுதானே நடந்தது.

மேசையில் யார் உட்கார வேண்டும்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான் நடந்தது. முதல் தையல் வகுப்பை அகதிப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்தேன். அவர்களுக்குத்தான் அவசரத் தேவை என்று என் கணக்கு. இரண்டாம் வாரம், மண்டபத்துக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஓர் ஆண்டி வாசலில் நின்று கேட்டார்: "தோட்டத்தை வித்தப்ப லயத்துலேருந்து எங்களை இறக்கிவிட்டாங்களே, அப்ப எங்களுக்கு யாருப்பா மெஷின் கொடுத்தா?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டதில் வெறுப்பு கொஞ்சம்தான், வலிதான் அதிகம். ஐம்பது, அறுபதுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோதும், பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும், அதற்கும் பிறகு தோட்டம் தாமான் ஆனபோதும், வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் நம்மவர்கள். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மலிவு விலை வீட்டில் இறங்கியவருக்கு, இன்னொருவர் மூட்டையோடு வந்து இறங்கும்போது பயமும் வரும், பழைய காயமும் திறக்கும். அடுத்த வாரமே வகுப்பில் பாதி இடத்தை உள்ளூர்ப் பெண்களுக்குக் கொடுத்தோம். அந்த ஆண்டிதான் இப்போது காஜா எடுப்பதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

உலகத்தில் இதை முன்பே உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உகாண்டாவில் அகதிகளுக்காக வரும் உதவியில் 30 விழுக்காடு சுற்றியிருக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது கொள்கை. நம் ஊரைப் போல உள்ளூர்க்காரரும் இல்லாதப்பட்டவராக இருக்கும் இடத்தில் பாதிப்பாதி என்று வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு இரு பக்கத்துப் பெரியவர்களையும் அழையுங்கள். பெண்களைத் தனியாகவும் ஒரு முறை சந்தியுங்கள், ரொஹிங்யாப் பெண்கள் ஆண்கள் கூடிய இடத்தில் பேச மாட்டார்கள். பொதுமொழி மலாய். எங்கள் முதல் கூட்டத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர், தன் அப்பாவைச் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னார். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பர்மா எல்லையில் காட்டில் இறக்கினார்கள், பலர் திரும்பவே இல்லை. "நம்மாளுங்க அங்க போய்ச் செத்தாங்க, இவங்க அங்கேருந்து உயிரோட வந்திருக்காங்க" என்றார் தாத்தா. ஒரு பையன் அதை மலாயில் சொன்னான். அப்புறம் டீ வந்தது, பேச்சும் வந்தது.

மூன்று வாரம் கடைத்தெருவை மட்டும் பாருங்கள்

பயிற்சி என்றால் உடனே தையல், கேக், மணிமாலை என்று போய்விடுகிறோம். ஊரில் எத்தனை தையல்காரரைத்தான் பிழைக்க வைக்க முடியும்? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் காலைச் சந்தை, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டே கேள்வி: மக்கள் எதை வாங்க இந்த ஊரை விட்டு வெளியே போகிறார்கள்? எது மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது?

எங்கள் நோட்டில் வந்ததில் சில: ரொஹிங்யாக் குடும்பங்கள் தங்கள் ருசிக்கேற்ற கருவாடு வாங்க சுங்கை பட்டாணிக்குப் பேருந்து ஏறுகிறார்கள். காலையில் இடியாப்பம் எட்டரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. துணியின் அளவைத் திருத்தித் தர ஊரில் ஆள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது புளிச்சக்கீரை. மியன்மார்க்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. நம் பாட்டிகளுக்கோ அது வீட்டுக்குப் பின்னால் தானாக முளைக்கிற கீரை. சந்தையில் மட்டும் கிடைக்கவில்லை. சிவப்பு அட்டைப் பாட்டி இப்போது அதைத்தான் விற்கிறார். விதையை நட்டு ஐந்தாறு வாரத்தில் முதல் பறிப்பு. எந்தக் கீரையை எப்படிக் கட்டினால் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுச் சின் பெண் சொல்லிக்கொடுத்தார்.

பயிற்சிக்கு முன் ஒரு ஆயாக் கொட்டகை

அந்தக் காலத்தில் தோட்டத்தில் அம்மாமார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. அது இல்லாவிட்டால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆள் வந்திருக்காது. பயிற்சிக்கும் அதே கதைதான். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பாய், நாலு பொம்மை, சம்பளத்தோடு ஓர் உள்ளூர் ஆயா. இந்தச் செலவை முதலில் பட்ஜெட்டில் எழுதுங்கள், பிறகு மெஷினை எழுதுங்கள்.

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் போதும். அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை, சமூகக் கற்றல் மையங்களுக்குத்தான் போகிறார்கள். அந்த மையம் நடக்கும் நேரத்தைக் கேட்டு வகுப்பை அமையுங்கள். பாடத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு சிறு வியாபாரிகளுக்காக உருவாக்கிய பயிற்சிமுறை பல நாடுகளில் பல மொழிகளில் நடக்கிறது. அதில் வியாபாரத்தை விளையாட்டாக நடத்திப் பார்க்கும் பகுதி எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

விலை போடக் கற்றுக்கொடுப்பது

ஆறு வாரத்தில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள் என்றால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். நான் கணக்குப் பார்த்த வீட்டு வியாபாரங்களில் பெரும்பாலானவை வியாபாரம் இல்லாமல் நொடித்தவை அல்ல, விற்க விற்க நொடித்தவை.

முறுக்கை எடுத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குதான் முக்கியம். 5 கிலோ அரிசி மாவு 25 ரிங்கிட், ஒரு கிலோ உளுத்தம் மாவு 12, எண்ணெய் 3 கிலோ 21, வெண்ணெய், ஓமம், எள் எல்லாம் சேர்த்து 15, கேஸ் 5, பிளாஸ்டிக் பை, லேபிள் 9. மொத்தம் 87 ரிங்கிட். ஏறக்குறைய 7 கிலோ முறுக்கு வரும். 200 கிராம் பாக்கெட் என்றால் 35 பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு அடக்கம் 2 ரிங்கிட் 49 சென். 4 ரிங்கிட்டுக்கு விற்றால் 53 ரிங்கிட் கையில் நிற்கும். நல்ல லாபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம்? அம்மாவும் மகளும் ஐந்து மணி நேரம், ஆக பத்து மணி நேர உழைப்பு. 53ஐப் பத்தால் வகுத்தால் மணிக்கு 5 ரிங்கிட் 30 சென். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். அடுப்பு வெக்கையில் நின்று சுட்ட அம்மாவுக்குச் சட்டம் சொல்கிற அடிமட்டக் கூலிகூட விழவில்லை. அந்தக் கூலியைச் சேர்த்தால் அடக்கம் 174 ரிங்கிட் 20 சென், பாக்கெட்டுக்கு 4 ரிங்கிட் 98 சென். அப்படியானால் ஐந்தரை ரிங்கிட்டுக்குக் குறைந்து விற்கக் கூடாது, அல்லது பாக்கெட்டைச் சின்னதாக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பில் ஓர் அக்கா, "அப்போ இத்தன வருஷமா நான் ஊருக்குத் தானம் பண்ணியிருக்கேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தன் நேரத்துக்கு விலை உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

எண்ணெய்க் கணக்கில் ஓர் எச்சரிக்கை. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கிறதே என்று அந்த விலையை எழுதாதீர்கள். அது உதவித்தொகை விலை, வீட்டுச் சமையலுக்கு உரியது. வியாபாரத்துக்குச் சந்தை விலையை எழுதுங்கள்.

அகதிப் பெண்களும் இந்தக் கணக்கை அதே பலகையில், அதே நாளில் போட்டுப் பழகட்டும். இன்று சட்டம் கடை வைக்க விடாவிட்டாலும், நாளை வேறொரு நாட்டில் குடியமரும்போது கூட வருவது இந்தக் கணக்குதான். வகுப்பை முடித்ததற்கு ஒரு சான்றிதழ் அச்சிட்டுப் பெயரைச் சரியாக எழுதிக் கொடுங்கள். தன் பெயர் அச்சான ஒரு தாள் அவர்களில் பலருக்கு எவ்வளவு பெரிது என்று கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளூர்க்காரர் பதிவு செய்யும் முறை

இது சுலபம், பயம்தான் பெரிது. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60. கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். கடையோ தள்ளுவண்டியோ என்றால் நகராண்மைக் கழகத்தின் லைசன்ஸ் தனி. உணவு என்றால் சுகாதார அமைச்சு அங்கீகரித்த உணவு கையாளுவோர் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை டைஃபாய்டு ஊசி. பாக்கெட்டில் அடைத்தால் லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்தவர் பெயர், முகவரி வேண்டும். ஹலால் சின்னத்தை மத்திய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய அமைப்பின் சான்று இல்லாமல் நீங்களாக அச்சிடக் கூடாது. முஸ்லிம் வாடிக்கையாளர் கேட்டால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள், வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம்.

பணம் எங்கிருந்து வரும்

உள்ளூர் இந்தியர்களுக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் இருக்கிறது, ஆயிரம் ரிங்கிட் போன்ற சின்னத் தொகையும் கேட்கலாம். 1987 முதல் இயங்கும் அமானா இக்தியார், குழுவாகச் சேரும் பெண்களுக்குக் கடன் தருகிறது. இந்தியப் பெண்களுக்காகவே 'பெண்' என்ற திட்டத்தை 2024இல் 50 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கினார்கள். எதற்குப் போனாலும் மூன்று மாத வரவு செலவு நோட்டைக் கொண்டு போங்கள். நோட்டு இல்லாமல் போகிறவர்கள்தான் கடைசியில் ஆலோங் எனும் லைசன்ஸ் இல்லாத வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

அகதிகளுக்கு வங்கிக் கணக்கே பெரும்பாலும் கிடையாது. பணம் தலையணைக்குள்தான். அதனால் சேமிப்புதான் முதல் படி. நம் பெண்கள் உடனே 'கூட்டு போடலாமா?' என்பார்கள். மலாய்க்காரர்கள் 'கூத்து' என்பது நம்முடைய கூட்டுதான், சொல்லே தமிழிலிருந்து போனது. ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருக்கிறது. கூட்டுப் பிடித்தவர் ஓடிப்போய் எத்தனை கல்யாணம் நின்றது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வட்டிக்கு விடுவதற்கும் 1951ஆம் ஆண்டு சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். மேலும் ரொஹிங்யாக்கள் முஸ்லிம்கள், வட்டி அவர்களுக்கு விலக்கு. ஆகவே வட்டியும் ஏலமும் இல்லாத முறையாகப் பாருங்கள்.

1991இல் கேர் அமைப்பு நைஜர் நாட்டில் கிராமப் பெண்களோடு தொடங்கிய பெட்டிச் சேமிப்பு முறை பல நாடுகளுக்குப் பரவியது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர், ஒரு பெட்டி, மூன்று பூட்டு, சாவி மூன்று வெவ்வேறு ஆளிடம். அங்கே பெட்டியிலிருந்து கடனும் கொடுப்பார்கள். நாங்கள் கடனை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் தனி உறை, அவரவர் பணம் அவரவர் உறையில். வாரம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் எண்ணி, தொகையை உரக்கச் சொல்லி எழுதுவோம். ஒரு சாவி தமிழ்ப் பெண்ணிடம், ஒன்று ரொஹிங்யாப் பெண்ணிடம், ஒன்று சின் பெண்ணிடம். மூவரும் வராமல் பெட்டி திறக்காது. எந்தச் சொற்பொழிவும் தராத நம்பிக்கையை அந்த மூன்று பூட்டும் தந்தன.

பெரிய தொகை எங்கே என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தனின் கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவில், புக்கிட் சீடிம். பால் வெட்டியவர்களின் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே வாங்கியது.

ஆறு மாதம் கூடவே இருங்கள்

வகுப்பு முடிந்த அன்று படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டால் மூன்றாம் மாதத்தில் எல்லாம் படுத்துவிடும். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு முறை கடைக்கோ வீட்டுக்கோ போய் நோட்டைப் பாருங்கள். அதன்பின் மாதம் இரண்டு முறை போதும். லாபத்தை மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முதல் பணத்தில் கை வைத்தாரா, கடன் சொல்லி வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், கணவர் நோட்டைப் பார்த்து என்ன சொன்னார் என்பதெல்லாம் கேளுங்கள். வியாபாரம் அங்கேதான் நிற்கிறது, விழுகிறது.

அகதிப் பெண் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஊரில் சோதனை நடந்தால் அவர்கள் வெளியே வர மாட்டார்கள். வருகைப் பதிவை வைத்து யாரையும் நீக்கக் கூடாது என்று முன்கூட்டியே குழுவில் பேசி வையுங்கள். அவர்களுடைய பெயர், படம், வீட்டு முகவரி எதையும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். உங்களுக்கு அது நிகழ்ச்சிப் படம், அவர்களுக்கு அது ஆபத்து.

சண்டை வரும். எங்கள் ஊரில் பாசார் மாலாம் இடத்துக்காக வந்தது, 'அவங்களாலதான் நம்ம வியாபாரம் போச்சு' என்று. அப்போது மூன்று வார நோட்டுதான் கைகொடுத்தது. யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எண்ணி வைத்திருந்ததைக் காட்டினோம். கத்தியவரின் கோழிக்கடையிலேயே வாரக்கடைசி வாடிக்கையாளரில் பெரும்பகுதி யார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. இதே எண்களை எழுதி சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று கருணையை வைத்துக் கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கடைத்தெருக் கணக்கை வைத்து உள்ளூர் வியாபாரிகளே கேட்டால் அந்தக் குரல் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஆறாம் மாதம் எல்லோரையும் ஒரே மண்டபத்துக்கு அழையுங்கள். ஆயாவுக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் நோட்டைக் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாசித்துக் காட்டட்டும், எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும். பலகாரத்துக்கு வெளியே போகாதீர்கள், குழுவில் முறுக்குச் சுடுகிற அக்காவிடமே வாங்குங்கள். பாக்கெட் ஐந்தரை ரிங்கிட். பேரம் பேசாதீர்கள்.